ஆர்க்டிக் ஊர்ல சயின்ஸ், ஆர்ட், ஊர்க்காரங்க மூணையும் சேத்து ப்ராஜெக்ட் பண்றது எப்படி: முழுமையான வழிகாட்டி

கனடாவுல படிச்சிட்டு வடக்க ஃபீல்ட் வொர்க் போகப் போறவங்க, இல்ல ஏற்கெனவே ஒரு கடல் பனி ப்ராஜெக்ட்ல இருந்துகிட்டு "இதுல ஒரு ஆர்ட்டிஸ்ட்டையும் ஊர்க்காரங்களையும் சேத்துக்கலாமே"ன்னு ப்ரொஃபசர் போற போக்குல சொல்லிட்டாரேன்னு முழிக்கிறவங்க, உங்களுக்காகத்தான் இது. நான் எடுத்துக்குற உதாரணம் நுனாவுட், கனடாவோட வடக்குல இனுயிட் பூர்வகுடி மக்கள் அதிகமா வாழற பிரதேசம். அங்க ஒரு சின்ன ஊர்ல கடல் பனி எவ்வளவு கனமா இருக்குன்னு அளக்கணும், ஊர் பெரியவங்களுக்குத் தெரிஞ்சத கேட்டுக்கணும், அந்த ஊர் ஓவியரோ தையல் வேலை செய்றவங்களோ கூட சேந்து அத மேப்பாவோ கண்காட்சியாவோ கொண்டு வரணும்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு வேலையும் தனியா பாத்தா கஷ்டமில்ல, வரிசை மாறுனாதான் சிக்கல், புதுசா வர்றவங்க முக்காவாசிப் பேர் விழறதும் அங்கதான்.

பயணத்துக்கு ஒன்னரை வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கணும். ஆறு மாசம் போதும்னு யாராவது சொன்னா அவங்க ஊருக்குள்ள போகாம ஆராய்ச்சி ஸ்டேஷன்லயே தங்கிட்டு வந்தவங்களா இருக்கும்.

1. "ஆர்க்டிக்"னு சொல்லாதீங்க, ஊர் பேரச் சொல்லுங்க

நம்ம ஆளுங்களுக்கு ஆர்க்டிக்னாலே நார்வேயோட ஸ்வால்பார்ட் தீவுகள்தான் ஞாபகம் வரும், ஏன்னா இந்தியாவோட ஹிமாத்ரி ஸ்டேஷன் 2008-லருந்து அங்க நி-ஓலெசுண்ட்ல இருக்கு. ஆனா ஸ்வால்பார்ட்ல பூர்வகுடி மக்கள்னு யாரும் கிடையாது. அங்க வேலை செஞ்ச பழக்கத்துல, இறங்கினோமா கருவிய வச்சோமா கிளம்பினோமான்னு நுனாவுட் வந்தா முதல் வாரத்துலயே முட்டிக்கும்.

நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்துல சாமி மக்கள், அலாஸ்காவுல இன்யுப்பியாட், க்ரீன்லாந்துலயும் வட கனடாவுலயும் இனுயிட்னு ஒவ்வொரு இடத்துக்கும் சட்டம் வேற, அமைப்பு வேற, யார்கிட்ட முதல்ல பேசணும்ங்கிறதும் வேற. ஸ்கூல் புக்ல படிச்ச "எஸ்கிமோ" எல்லாம் விண்ணப்பத்துல எழுதிடாதீங்க.

நுனாவுட்ல 25 ஊர் இருக்கு, மொத்தமா 2021 சென்சஸ்படி 37,000 பேருக்குள்ள. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடு கிடையாது. ஆயிரத்து ஐநூறு பேர் இருக்குற ஊருக்கு ஒரே வருஷத்துல நாலஞ்சு டீம் வந்து அதே பத்து பெரியவங்கள உக்கார வச்சு அதே கேள்விய கேட்டா எப்படி இருக்கும்? அதனால ஊர தேர்ந்தெடுத்ததும் முதல் வேலை, அங்க இதுக்கு முன்னாடி யார் யார் என்ன பண்ணாங்க, என்ன ரிப்போர்ட் குடுத்தாங்க (இல்ல குடுக்காமலே போயிட்டாங்க)ன்னு தேடிப் படிக்கறது. ஏற்கெனவே பதிவு பண்ணின பேட்டி இருந்தா அத படிக்காம போய் திரும்ப கேக்குறது மரியாதைக் குறைவு.

2. ஆராய்ச்சிக் கேள்விய முடிவு பண்றதுக்கு முன்னாடி பேசுங்க

இதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு நடக்குற இடம். ப்ரோபோசல் எழுதி, கேள்வி முடிவாகி, பணமும் வந்த பிறகு ஊருக்கு ஒரு மெயில் போட்டு "உங்க ஆதரவு கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்"னு கேக்குறது. பத்திரிக்கை அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டு அப்புறமா பொண்ணு வீட்ல சம்மதம் கேக்குற கதைதான் இது.

யார்கிட்ட பேசணும்? ஒவ்வொரு ஊர்லயும் வேட்டைக்காரங்க சங்கம் ஒன்னு இருக்கு, எச்.டி.ஓ.ன்னு சொல்வாங்க. கடல் பனி, மிருகம், வழித்தடம் சம்பந்தமா எதுவா இருந்தாலும் முதல் கதவு அதுதான். அடுத்து ஹேம்லெட் ஆபீஸ், அதாவது நம்ம ஊராட்சி மாதிரி. போன் பண்ணுங்க. மெயிலுக்கு பதில் வரலன்னா கோவம்னு அர்த்தமில்ல, மேனேஜர் ஒருத்தரேதான் எல்லாத்தையும் பாக்குறாரு. போர்டு மீட்டிங் எப்பன்னு கேட்டு, அஜெண்டாவுல அஞ்சு நிமிஷம் வாங்குங்க.

என்ன பேசணும்னா, "பனியில உங்களுக்கு என்ன பிரச்சனை, எது தெரிஞ்சா உபயோகம்"னு கேளுங்க. உங்க மாடல பத்தி பேச வேண்டாம். காரணம் இருக்கு. 1977-ல சர்வதேச திமிங்கல கமிஷன் அலாஸ்காவுல போஹெட் திமிங்கல வேட்டைய நிறுத்தச் சொன்னப்ப, சில நூறுலருந்து ரெண்டாயிரம் வரைக்கும்தான் மிச்சம் இருக்குன்னு விஞ்ஞானிங்க கணக்கு சொன்னாங்க. பனி விளிம்புல நின்னு திறந்த தண்ணியில போறத மட்டும் எண்ணுன கணக்கு அது. திமிங்கலம் பனிக்கு அடியிலயும் போகும், கரையிலருந்து ரொம்ப தள்ளியும் போகும்னு இன்யுப்பியாட் வேட்டைக்காரங்க சொல்லிகிட்டே இருந்தாங்க. அப்புறம் தண்ணிக்குள்ள மைக் போட்டு கேட்டு, விமானத்துலருந்தும் பாத்தப்ப அவங்க சொன்னதுதான் சரின்னு ஆச்சு, கணக்கெடுக்குற முறையே மாறுச்சு. 2001 கணக்குல எண்ணிக்கை பத்தாயிரத்த தாண்டிடுச்சு. வேட்டைய நிறுத்தினதுக்கு அப்புறமா இல்லாம அதுக்கு முன்னாடியே அவங்க பேச்ச கேட்டிருந்தா ஊரே பட்ட கஷ்டம் மிச்சம்.

இன்னொன்னும் ஞாபகம் வச்சுக்குங்க. சூரியன் முன்ன மறைஞ்ச இடத்துல இப்ப மறையல, பூமியே சாஞ்சிடுச்சுன்னு நுனாவுட் பெரியவங்க பல ஊர்ல சொன்னாங்க, 2010-ல சகாரியாஸ் குனுக்கும் இயன் மாரோவும் எடுத்த டாக்குமென்டரியிலயும் இது வருது. கேட்ட விஞ்ஞானிங்க சில பேர் முதல்ல சிரிச்சாங்க. ஆனா தரைக்கு பக்கத்துல குளிர் காத்தும் மேல கொஞ்சம் சூடான காத்தும் அடுக்கடுக்கா நிக்கறப்ப வெளிச்சம் வளைஞ்சு வரும், அந்த அடுக்கோட சூடு மாறுனா தொடுவானத்துல சூரியன் தெரியுற இடமும் மாறும். அவங்க பாத்தது நிஜம், அதுக்கு சொன்ன விளக்கம்தான் வேற. நோட்ல "பாத்தது" ஒரு பக்கம், "காரணம்" ஒரு பக்கம்னு தனித்தனியா எழுதுற பழக்கம் இங்கதான் உதவும், உங்களோடதுக்கும் சேத்து.

3. ஆர்ட்டிஸ்ட்ட இப்பவே கூப்பிடுங்க, கடைசியில இல்ல

பல டீம் என்ன பண்றாங்கன்னா ரெண்டு வருஷம் அளந்து முடிச்சு பேப்பரும் போட்டுட்டு, மிச்சம் இருக்குற காசுல ஒரு ஓவியர கூப்பிட்டு "இந்த கிராஃப அழகா வரைஞ்சு குடுங்க"ன்னு சொல்றாங்க. அது அலங்காரம். ஓவியர் கேள்வி முடிவாகுற கூட்டத்துலயே உக்காந்திருந்தா அவர் வேற ஒன்னு கேப்பாரு, அதனால நீங்க அளக்குற இடமே மாறலாம்.

அந்த ஊர் ஆர்ட்டிஸ்ட்தான் முதல் தேர்வு. தெற்கிலருந்து ஒருத்தர கூட்டிட்டுப் போகணும்னா அவர் ரெண்டாவது ஆள், ஊர்க்காரர் கூட சமமா ஒப்பந்தம் போட்டு. அங்க ஆர்ட்டுக்குப் பஞ்சமே இல்ல. கின்ங்காயிட் ஊர்ல 1950-களோட கடைசியிலருந்து கல்லுல செதுக்கி ப்ரிண்ட் எடுக்குறாங்க, முதல் தொகுப்பு 1959-ல வந்துச்சு, கெனோஜுவாக் அஷேவாக் எல்லாம் அங்கருந்து வந்தவங்கதான். அதே ஊர் ஷுவினாய் அஷூனா 2022 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில சிறப்புக் குறிப்பு வாங்குனாங்க. பாங்னிர்துங்ல நெசவு, பேக்கர் லேக்ல துணியில ஒட்டி தைக்கிற சுவர்த் தொங்கல்.

தையலயும் ஆர்ட்டா எண்ணுங்க, முக்கியமா. எந்தத் தோல் எந்த மாசத்துல எப்படி இருக்கும், எது தண்ணிய நிறுத்தும், எங்க தையல் கிழியும்னு தெரிஞ்ச பொம்பளைங்ககிட்ட பனியப் பத்தியும் காலநிலையப் பத்தியும் நிறைய தகவல் இருக்கு. ஆனா டீம்காரங்க நேரா வேட்டைக்காரங்ககிட்ட மட்டும்தான் போவாங்க, அவங்கள்ல நிறைய பேர் ஆம்பளைங்க, பாதி ஊரு விட்டுப் போயிடும்.

எப்படி தேடறது? கோ-ஆபரேட்டிவ், ஆர்ட் சென்டர், இல்ல ஊர் ஸ்கூல் டீச்சர்கிட்ட கேளுங்க. இன்ஸ்டாகிராம்ல பிடிச்சதப் பாத்து நேரா மெசேஜ் போட்டு "இலவசமா கலந்துக்குறீங்களா, நல்ல விளம்பரம் கிடைக்கும்"னு மட்டும் கேட்டுடாதீங்க.

4. பட்ஜெட்ட மூணு பங்கா பிரிச்சு எழுதுங்க

பட்ஜெட்ல சயின்ஸுக்கு கருவி, டிக்கெட், ஸ்டூடண்ட் சம்பளம்னு பதினஞ்சு வரி இருக்கும். ஆர்ட்டும் ஊரும் சேந்து "அவுட்ரீச்"னு ஒரே வரியில முடிஞ்சிடும். அந்த வரிதான் பணம் குறையறப்ப முதல்ல வெட்டுப்படும். அதனால தனித்தனி வரியா போடுங்க.

மறந்து போறது எல்லாம் இதுங்க: மொழிபெயர்ப்பு (போகும்போதும் திரும்பி வந்து ரிப்போர்ட் குடுக்கும்போதும், ரெண்டு தடவ), மொழிபெயர்ப்பாளர் நாள் கூலி, வழிகாட்டியோட கூலி, அவரோட ஸ்னோமொபைல் வாடகை, பெட்ரோல், கூட்டத்துக்கு சாப்பாடு, ஓவியரோட ஃபீஸ், மெட்டீரியல், கண்காட்சி நடத்துற கட்டணம், வேலைய பத்திரமா அனுப்புற செலவு, அப்புறம் முடிவ சொல்றதுக்கு ஊருக்குத் திரும்பி போற ஒரு முழு பயணம். கடைசியா சொன்னத போடாத பட்ஜெட்தான் நான் அதிகமா பாக்குறேன். ஓவியர் ஃபீஸுக்கு கார்ஃபாக்னு கனடா ஓவியர்கள் அமைப்பு வருஷா வருஷம் குறைந்தபட்ச கட்டணப் பட்டியல் போடுது, அத வச்சுப் பேசுனா ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல.

கனடா கவுன்சில்ல பூர்வகுடி கலைஞர்களுக்குன்னே தனி நிதித் திட்டம் இருக்கு. ஆனா அது அவங்க பேர்ல அவங்க போட வேண்டியது. நீங்க ஃபார்ம் நிரப்ப உதவலாம், அந்த காச உங்க ப்ராஜெக்ட் காசா எண்ணக்கூடாது.

அப்புறம் யுனிவர்சிட்டி அக்கவுன்ட்ஸ் ஆபீஸ். மூணு மாசம் கழிச்சு செக் அனுப்புவோம், வென்டர் ஃபார்ம் நிரப்புங்கன்னு எழுபத்தஞ்சு வயசு பெரியவர்கிட்ட சொல்ல முடியாது. பேசி முடிச்ச அன்னைக்கே கையில குடுக்கணும். அதுக்கு முன்பணம் எப்படி எடுக்கறது, கையெழுத்து ரசீது போதுமான்னு கிளம்புறதுக்கு பல மாசம் முன்னாடியே சண்ட போட்டு முடிச்சு வைங்க. பணம் வாங்குறவங்களோட வீட்டு வாடகை, உதவித்தொகைய இந்த வருமானம் பாதிக்குமான்னும் அவங்ககிட்டயே கேட்டுட்டு, எந்த வடிவத்துல வேணும்னு அவங்கள முடிவு பண்ண விடுங்க.

5. பர்மிஷன் வரிசை

நுனாவுட்ல ஆராய்ச்சி பண்ண லைசென்ஸ் வேணும், தலைநகர் இகாலுயிட்ல இருக்குற நுனாவுட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் குடுக்கும். சுருக்கமா என்.ஆர்.ஐ., நம்ம ஊர் என்.ஆர்.ஐ. இல்ல. பேட்டி எடுக்கறதும் ஆராய்ச்சிதான், அளக்கறதும் ஆராய்ச்சிதான், ரெண்டும் பண்ணா ரெண்டு பக்கமும் விண்ணப்பத்துல வரணும். "நாங்க ஆர்ட் ப்ராஜெக்ட்தான், சும்மா பேசப் போறோம்"னு தப்பிக்கப் பாக்காதீங்க, பேசுனத வச்சு பேப்பர் எழுதுனா அதுக்கு லைசென்ஸ் வேணும்.

வரிசை இப்படி வச்சுக்குங்க. முதல்ல ஊர்ல பேசி முடிச்சிருக்கணும், அது மேல சொன்னது. அடுத்து உங்க யுனிவர்சிட்டி எத்திக்ஸ் போர்டு, கனடாவோட டி.சி.பி.எஸ். 2 நெறிமுறையில 9-வது அத்தியாயம் முழுக்க பூர்வகுடி மக்களோட ஆராய்ச்சி பண்றதப் பத்திதான், அத படிக்காம ஃபார்ம தொடாதீங்க. கருவி வைக்கிற வேலை இருந்தா நுனாவுட் ப்ளானிங் கமிஷன்ல இருந்து ஆரம்பிக்கும், அங்கருந்து தேவைன்னா சுற்றுச்சூழல் பாதிப்ப பாக்குற இம்பாக்ட் ரிவ்யூ போர்டுக்கு போகும். அதோட என்.ஆர்.ஐ. விண்ணப்பம். இனுயிட் சொந்த நிலத்துல கால் வைக்கணும்னா அந்த வட்டார இனுயிட் சங்கத்தோட அனுமதி தனி. மிருகம் சம்பந்தப்பட்டா அதுக்கு தனி பெர்மிட்.

விண்ணப்பத்தோட ஒரு பக்க எளிய சுருக்கம் வேணும், இங்கிலீஷ்லயும் இனுயிட் மொழியான இனுக்டிடுட்லயும். இதுதான் ஊர்ல படிக்கப் போறது, மிச்ச நாப்பது பக்கம் இல்ல. ஆனா எல்லாரும் அந்த ஒரு பக்கத்த கடைசி ராத்திரி எழுதுறாங்க. யார் வர்றாங்க, எங்க போவாங்க, எத்தன நாள், என்ன எடுத்துட்டு போவாங்க, யாருக்கு காசு கிடைக்கும், வரையறது யார், அந்தப் படம் யாருக்கு சொந்தம்னு நேரடியா எழுதுங்க. மேற்குப் பக்கம் கிடிக்மியோட் பகுதியில சில ஊர்ல பேசுறது இனுயின்னாக்டுன், அத வேற எழுத்துல எழுதுவாங்க, எந்த ஊருன்னு சொல்லி அந்த வட்டார ஆள வச்சே மொழிபெயர்க்கணும்.

இன்னொரு அடிக்கடி வர்ற தப்பு: விண்ணப்பத்துல "ஓகேப் கொள்கைய பின்பற்றுவோம்"னு எழுதறது. டேட்டா யாருக்குச் சொந்தம், யார் கட்டுப்பாட்டுலன்னு சொல்ற அந்தக் கொள்கை, கனடாவோட இன்னொரு பூர்வகுடியான ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் மக்களோடது. இனுயிட்டுக்கு அவங்க தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனாடமி 2018-ல தனியா ஆராய்ச்சிக் கொள்கை வெளியிட்டிருக்கு, டேட்டா யார் கையில இருக்கணும்ங்கிறது அதுல நேராவே இருக்கு. ரெண்டையும் குழப்புனா, வாசிக்கிறவங்களுக்கு நீங்க எங்கருந்தோ வெட்டி ஒட்டினீங்கன்னு உடனே தெரிஞ்சிடும்.

6. டேட்டா யாருக்கு, படம் யாருக்கு: காகிதத்துல எழுதுங்க

இத ஊருக்கு போன பிறகு பேசலாம்னு தள்ளாதீங்க. வேலை நல்லா வந்த பிறகுதான் சண்ட வரும், சுமாரா வந்தா யாரும் கேக்க மாட்டாங்க.

2015-ல லண்டன் ஃபேஷன் பிராண்ட் ஒன்னு ஒரு ஸ்வெட்டர் வித்துச்சு. அதுல இருந்த டிசைன், ஆவான்னு ஒரு இனுயிட் ஷாமன் (நம்ம ஊர் பூசாரி மாதிரி) கடல்ல மூழ்காம காப்பாத்த போட்டுக்கிட்ட பார்காங்கிற குளிர் கோட்டோடது, பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்த போட்டோ மூலமா வெளிய வந்தது. அவரோட கொள்ளுப்பேத்தி பாத்துட்டு கேட்டாங்க, பிராண்டு மன்னிப்பு கேட்டு எடுத்துருச்சு. அந்த போட்டோவும் ஒரு காலத்துல ஆராய்ச்சிப் பயணத்துல எடுத்ததுதான், அத மறந்துடாதீங்க. நீங்க ரிப்போர்ட்ல போடுற படமும் அப்படி எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது.

ஒப்பந்தத்துல இருக்க வேண்டியது: படத்தோட காப்புரிமை ஓவியருக்கே, உங்களுக்கு பேப்பர், பிரசன்டேஷன், போஸ்டருக்கு மட்டும் பயன்படுத்த அனுமதி, எத்தன வருஷம்னு சேத்து. அசல் யார்கிட்ட இருக்கும். ஆடியோ எங்க சேமிப்பீங்க, ஊர்ல ஒரு பிரதி எங்க இருக்கும். யுனிவர்சிட்டி ஒப்பந்தத்துல "ப்ராஜெக்ட்ல உருவாகுறது எல்லாம் எங்களுக்கு"ன்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், அத வெட்டச் சொல்லுங்க.

மேப்புக்கு தனி கவனம். வேட்டை இடம், முட்டையிடுற இடம், கல்லறை, இதெல்லாம் புள்ளி வச்சு ஓபன் டேட்டாவுல போட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது, சுரங்கக் கம்பெனியும் பாக்கும், டூரிஸ்ட் படகும் பாக்கும். எது வெளிய போகலாம்னு ஊர் கமிட்டி சொல்லட்டும். ஃபண்டிங் கொடுத்தவங்க ஓபன் டேட்டா கேட்டா பூர்வகுடி மக்களோட டேட்டா மேல அவங்களுக்கே உரிமைன்னு சொல்ற கேர் கொள்கைகள காட்டி விதிவிலக்கு கேளுங்க, இப்பல்லாம் ஒத்துக்குறாங்க.

பேர் விஷயம். எத்திக்ஸ் ஃபார்ம் தானா பேர மறைக்கச் சொல்லும், "பெரியவர் 4"னு. பல பெரியவங்களுக்கு அது அவமானம், தெரிஞ்சத சொன்னது நான்தான்னு பேர் வரணும்னு நெனப்பாங்க. ஃபார்ம்ல ரெண்டு கட்டமும் வைங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க. எழுதிக் குடுக்க விருப்பமில்லாதவங்க வாயால சம்மதம் சொன்னா பதிவு பண்ணிக்கலாம்னு முன்னாடியே போர்டுல அனுமதி வாங்கிடுங்க.

7. எந்த மாசம் போறது, என்ன எடுத்துட்டு போறது

ஏப்ரல் நல்ல மாசம்: வெளிச்சம் நீளம், பனி பயணம் போற அளவுக்கு கெட்டியா இருக்கும். மே, ஜூன்ல நிறைய குடும்பம் வெளிய கேம்புக்குப் போயிடும், நீங்க போய் வெறும் தெருவ பாத்துட்டு வருவீங்க. பாண்ட் இன்லெட் மாதிரி வடக்கு ஊர்ல நவம்பர் நடுவுலருந்து ரெண்டரை மாசத்துக்கு பக்கம் சூரியனே வராது, அந்த சமயம் பேட்டிக்கும் தையல் ஒர்க்‌ஷாப்புக்கும் உண்மையில நல்லது, அளக்கறதுக்கு இல்ல.

கனமான சாமான கோடையில வர்ற சரக்குக் கப்பல்ல அனுப்புங்க. தண்ணி திறந்திருக்குற சில மாசம்தான் வரும், தவறுனா அடுத்த வருஷம், இல்ல விமானச் சரக்கு, அதோட பில்ல பாத்தா மயக்கம் வரும். அதனாலதான் ஒன்னரை வருஷம்னு சொன்னேன்.

ஆர்ட் சாமானுக்கு ஒரு தனிப் பட்டியல். அக்ரிலிக் பெயின்ட் வழியில உறைஞ்சா கெட்டுடும், விமான நிலைய ஷெட்ல ஒரு ராத்திரி கிடந்தாலே போதும். கலர் பென்சில், கிராஃபைட், கருப்பு ஃபைன்லைனர், நல்ல கனமான பேப்பர், இதுங்கதான் கவலையில்லாதது, கின்ங்காயிட்ல பல பேர் வேலை செய்றதும் இதுலதான். வெளிய நோட் எழுத பென்சில் மட்டும், பால்பாயின்ட் உறைஞ்சிடும். கேமராவ முப்பது டிகிரி மைனஸ்லருந்து அப்படியே வீட்டுக்குள்ள கொண்டு வந்தா உள்ள வரைக்கும் ஈரம் படியும், வெளியவே ப்ளாஸ்டிக் பையில போட்டு இறுக்க மூடி, உள்ள வந்து ரூம் சூட்டுக்கு வர்ற வரைக்கும் திறக்காதீங்க. பேட்டரிய கோட்டுக்கு உள்பாக்கெட்ல வைங்க.

பயண நாள் கூட மூணு நாலு நாள் சும்மா சேத்து வைங்க. ஒட்டாவாவுலருந்து இகாலுயிட்டுக்கு மூணு மணி நேரம்தான், அங்கருந்து ஊருக்குப் போற சின்ன விமானம்தான் பனிப்புயல்ல நிக்கும்.

8. ஊருக்குள்ள முதல் வாரம்

இறங்கினதும் அளக்க ஓடாதீங்க. லோக்கல் ரேடியோவுல போய் நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க, எங்க தங்கியிருக்கீங்கன்னு மொழிபெயர்ப்பாளர் கூட சேந்து சொல்லுங்க, ஊர் ஃபேஸ்புக் குரூப்லயும் போடுங்க. கூட்டம் வைக்கிற அன்னைக்கு பிங்கோ விளையாட்டு இருக்கான்னு பாருங்க, இருந்தா யாரும் வர மாட்டாங்க, அது அவங்க தப்பில்ல. ஊர்ல சாவு விழுந்தா எல்லாத்தையும் தள்ளிப் போடுங்க, கேக்கவே வேண்டாம்.

ஒர்க்‌ஷாப் எப்படி ஓடணும்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா எல்லாம் சேர்ற இடம் இதுதான்.

பெரிய மேஜையில 1:250,000 மேப்ப விரிங்க. பல டீம் 1:50,000 எடுத்துட்டு வர்றாங்க, அதுல ஊர்க்காரங்க போற தூரத்துக்கு இருபது தாள் வேணும். இனுயிட் ஹெரிடேஜ் டிரஸ்ட் அவங்க ஊர்ப் பேரோட போட்ட மேப் இருந்தா அதையே பயன்படுத்துங்க, இங்கிலீஷ் கேப்டன்கள் வச்ச பேர் போட்ட மேப்ப பாத்தா பெரியவங்க பாதி நேரம் எது எங்கன்னு தேடிட்டு இருப்பாங்க. மேல கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் ஷீட் போட்டு அதுல வரையச் சொல்லுங்க, ஒவ்வொரு ஆளுக்கும் தனி ஷீட், இல்லன்னா யார் சொன்னது எதுன்னு பிறகு பிரிக்க முடியாது.

முதல் கேள்வி பனியப் பத்தி இருக்கக்கூடாது. எங்க பொறந்தீங்க, எந்த கேம்ப்ல வளந்தீங்கன்னு கேளுங்க, கை தானா கடற்கரையோரமா நகர ஆரம்பிக்கும். அங்கருந்து பனி விளிம்பு, நீரோட்டம் அடியில அரிக்கிற இடம், பிளவு வருஷா வருஷம் விழுற இடம்னு வரும். ஓவியர் பக்கத்துல உக்காந்து வரையட்டும், மேப்புல வராத விஷயம் நிறைய: பனியோட நிறம், சத்தம், நாய் எங்க தயங்கும்ங்கிறது. வரைஞ்சத பெரியவர் பாத்துட்டு "இல்ல, விளிம்பு இப்படி தூக்கி நிக்கும்"னு திருத்துவாரு. அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு டேட்டா. ரெண்டு வடிவத்தையும் பத்திரப்படுத்துங்க.

அமைதிய அவசரப்பட்டு நிரப்பாதீங்க, யோசிச்சுதான் பேசுவாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், புருவத்த தூக்குனா ஆமா, மூக்க சுருக்குனா இல்ல. ஆடியோ ரெக்கார்டர்ல இது ஏறாது. திரும்பி வந்து டைப் பண்றவங்க "பதில் இல்லை"ன்னு எழுதி வச்சிடுவாங்க, உண்மையில அங்க தெளிவா பதில் இருந்திருக்கும். அதனால ஒருத்தர் உக்காந்து நேரத்தோட நோட் எழுதணும், இல்ல "ஆமான்னு சொல்றீங்க"ன்னு மொழிபெயர்ப்பாளர் வாயால சொல்லிடணும்.

9. பனிமேல போறப்ப

எந்தக் கோட்டுல அளக்கணும்னு வழிகாட்டி முடிவு பண்ணட்டும். நீங்க சாட்டிலைட் படத்துல நேர்கோடு போட்டு வந்திருப்பீங்க. ரேடார் படம் மேல இருந்து பாக்கும், பனித்தூள் மூடுன இடத்துல அடியில எவ்வளவு கெட்டின்னு அதுக்குத் தெரியாது. தூள் போர்வையா மூடுனா கடல் பனி மெதுவாத்தான் வளரும், பாக்க வெள்ளையா சமமா இருக்கும், மெலிசா இருக்கும்.

ஸ்மார்ட்ஐஸ் அமைப்பு பண்றது நல்ல முன்மாதிரி. பனிக்குள்ள நட்டு வைக்கிற சென்சார், அப்புறம் ஸ்னோமொபைல் பின்னாடி ஸ்லெட்ஜ்ல இழுத்துட்டுப் போற கருவி, அத ஓட்டுறது ஊர்க்காரங்களே. பாண்ட் இன்லெட்ல எந்த வழிய அளக்கணும்னு சொல்ல சிக்குமியுட்னு ஊர் கமிட்டி இருக்கு. கிடைக்கிற தகவல் அன்னன்னைக்கு வேட்டைக்குப் போறவங்களுக்கு உபயோகப்படுது, பேப்பர் அப்புறம்தான்.

ஓவியரையும் கூட்டிட்டுப் போங்க, அவருக்கும் சூடான உடுப்பு, சாட்டிலைட் போன், இன்சூரன்ஸ் எல்லாம் அதே அளவுக்கு. துளை போட்ட இடத்துல அவரே ஒரு ஆழம் அளந்து பாத்தா அப்புறம் வரையறது வேற மாதிரி இருக்கும். வழிகாட்டி "இன்னைக்கு திரும்புவோம்"னு சொன்னா திரும்பணும். "இன்னும் ரெண்டு பாயின்ட்தான்"னு கெஞ்சுற ஸ்டூடண்ட பாத்திருக்கேன், அந்த ரெண்டு பாயின்ட் யாருக்கும் வேண்டாம்.

10. திரும்ப எடுத்துட்டு போங்க

பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாடி மேப்பையும் படத்தையும் எடுத்துட்டு ஊருக்குப் போய் காட்டுங்க. சரிபாக்குறது ஒன்னு, யார் பேர் எங்க வருதுன்னு அவங்க கண்ணால பாக்குறது இன்னொன்னு. யாராவது "இத எடுத்துடுங்க"ன்னு சொன்னா எடுத்துடணும், அந்த வசதி காலெண்டர்ல இருக்கணும்.

கண்காட்சி முதல்ல அந்த ஊர்லதான். ஸ்கூல் ஜிம் போதும். டொராண்டோவுல திறப்பு விழா வச்சுட்டு ஊருக்கு பிடிஎஃப் அனுப்பாதீங்க, அங்க நெட் ஸ்லோ, ஐம்பது எம்.பி. ஃபைல் இறங்காது. பெரியவங்களுக்கு ப்ரிண்ட் எடுத்த மேப், வண்டியில கொண்டு போறவங்களுக்கு தண்ணி படாத மேப், ஸ்கூலுக்கு ஒரு செட்.

வேலை தெற்க போகுதுன்னா பார்டர பாருங்க. சீல் தோல் இருக்குற பொருள சாதாரணமா அமெரிக்காவுக்குள்ள கொண்டு போக முடியாது, 1972-ல போட்ட கடல் பாலூட்டி பாதுகாப்புச் சட்டம் தடுக்குது. தையல் வேலைய பாஸ்டன்ல காட்டலாம்னு திட்டம் போட்டு கஸ்டம்ஸ்ல மாட்டுறது இங்கதான். நார்வால் திமிங்கலத்தோட தந்தம் இருந்தா கனடாவ விட்டு வெளிய போகவே தனி அனுமதிச் சீட்டு வேணும். விக்கிற பொருளா இருந்தா, இனுயிட் ஆர்ட் ஃபவுண்டேஷன் நடத்துற இக்ளூ டேக் முத்திரைய பத்தி ஓவியர்கிட்ட கேளுங்க, போலி எது அசல் எதுன்னு வாங்குறவங்களுக்கு காட்டுறது அது.

கடைசி காகித வேலை: லைசென்ஸ் வாங்குனவங்க வருஷா வருஷம் சுருக்க அறிக்கை என்.ஆர்.ஐ.க்கு அனுப்பணும், அதுவும் மொழிபெயர்ப்போட. அத அனுப்பாம அடுத்த வருஷ விண்ணப்பத்த போட்டா அங்கயே நிக்கும். எச்.டி.ஓ.வுக்கும் ஒரு பிரதி, தபால்ல இல்ல, மேனேஜர் கையில.